ஏஎன்-32: தாம்பரத்தில் கிளம்பியது, போர்ட் பிளேருக்கு வரவில்லை

எம்எச்370 பத்தி எப்போ பேசுவீங்கன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கீங்க. அந்த மலேசிய விமானம் 2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு காணாமல் போனது. அதுக்கு நெட்ஃபிளிக்ஸ் தொடர் வரைக்கும் வந்தாச்சு. ஆனா சென்னையில் ஆபீஸ் போகிற வழியில் இதைக் கேட்கிற உங்களில் பலருக்கு, நம்ம தாம்பரத்தில் இருந்தே கிளம்பிய ஒரு விமானப்படை விமானம் ஏழரை வருஷம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது ஞாபகம் இருக்காது. அதில் 29 பேர் இருந்தார்கள். இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். இதில் வேற்றுகிரகம், ரகசிய ஆயுதம், வங்கக் கடலின் பெர்முடா முக்கோணம் எதுவும் வராது. ஒரு விமானம் "மர்மமாக மறைந்தது" என்று செய்தியில் வரும்போது, அந்த மர்மம் எதனால் உண்டாகிறது என்று ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்க்கப் போகிறோம்.

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை

ஏஎன்-32 என்பது உக்ரைனின் கீவ் நகரத்தில் இருக்கும் ஆன்டனோவ் நிறுவனம் வடிவமைத்த, இரண்டு புரொப்பெல்லர் கொண்ட சரக்கு விமானம். 1984-ல் இருந்து இந்திய விமானப்படை நூற்றுக்கும் மேற்பட்ட ஏஎன்-32களை வாங்கியது. லடாக்கில் ரேஷன் மூட்டை இறக்குவது, அருணாச்சலத்தில் குட்டி ஓடுதளங்களில் இறங்குவது, அந்தமானுக்கு ஆளும் சாமானும் கொண்டு போவது எல்லாம் இதுதான். விமானப்படையின் டெம்போ என்று வெச்சுக்கோங்க.

அன்றைக்குக் காலை கே-2743 என்ற எண் கொண்ட ஏஎன்-32, தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இருந்து சுமார் 8.30 மணிக்குக் கிளம்பியது. போர்ட் பிளேருக்கு 11.45 மணி வாக்கில் போய்ச் சேர வேண்டும். வழக்கமான கூரியர் பயணம்தான். விமான ஊழியர்கள் 6 பேர், விமானப்படையினர் 11 பேர், ராணுவத்தினர் 2 பேர், கடற்படையில் இருந்து ஒருவர், கடலோரக் காவல்படையில் இருந்து ஒருவர், விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த சிவிலியன்கள் 8 பேர். மொத்தம் 29.

கிளம்பிப் பதினாறு நிமிஷத்தில் விமானியிடம் இருந்து எல்லாம் சரியாக இருப்பதாகத் தகவல் வந்தது. 9.12 மணிக்கு ரேடாரில் கடைசியாகத் தெரிந்தபோது விமானம் சென்னைக்குக் கிழக்கே 151 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 280 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. 23,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானம் இடது பக்கம் திரும்பி, மளமளவென்று உயரம் இழந்தது. அதுக்கப்புறம் திரையில் எதுவும் இல்லை.

அந்த வாரமே அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் மாநிலங்களவையில் பேசினார். எஸ்ஓஎஸ் வரவில்லை, எந்த அலைவரிசையிலும் எந்த சிக்னலும் இல்லை, அதுதான் கவலையாக இருக்கிறது என்றார். சதிவேலைக்கான வாய்ப்பு மிகக் குறைவு என்றும், அமெரிக்க செயற்கைக்கோள்கள் ஏதாவது சிக்னலைப் பிடித்தனவா என்று கேட்டிருப்பதாகவும் சொன்னார். பாதுகாப்பு அமைச்சரே குழம்பிப் போயிருக்கிறார் என்பதுதான் அன்றைக்குத் தலைப்புச் செய்தி.

ஏன் ஒரு சத்தமும் வரவில்லை?

என் வேலை பேக்எண்ட். சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பது என் அன்றாடம். ஒரு சர்வர் செத்துப் போனால் நாங்க முதலில் கேட்கிற கேள்வி "ஏன் செத்தது" இல்லை. "அதோட லாக் எங்கே போய் உட்காருது" என்பதுதான். லாக் இன்னொரு மெஷினுக்குப் போய்க்கொண்டே இருந்தால் பிரச்சினை இல்லை. செத்த மெஷினின் டிஸ்க்கிலேயே இருந்தால், முதலில் அந்த மெஷினைக் கண்டுபிடிக்கணும்.

விமானத்தின் கருப்புப் பெட்டி இந்த ரெண்டாவது ரகம். எல்லா விவரமும் அதில் இருக்கும். ஆனா அது விமானத்தோடேயே முழுகும். அதனால்தான் விமானங்களில் "நான் இங்கே இருக்கேன்" என்று கத்துவதற்கென்றே தனியாகக் கருவிகள் வைக்கிறார்கள். அவை ரெண்டு வகை.

முதலாவது அவசரகால ரேடியோ. மோதலின் அதிர்ச்சியில் தானாக ஆன் ஆகி, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு சிக்னல் அனுப்பும். தரையில் விழுந்தால் உதவும். ஆனா உப்புத் தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். விமானம் முழுகிய பிறகு அந்த ரேடியோ எவ்வளவு கத்தினாலும் மேலே கேட்காது.

ரெண்டாவதுதான் தண்ணீருக்கானது: நீரடி ஒலிக்கருவி. தண்ணீர் பட்டதும் 37.5 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு ஒரு "டிக்" என்று ஒலி எழுப்பும். தண்ணீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் போகும், ரேடியோ மாதிரி செத்துப் போகாது. பழைய மாடல்களின் பேட்டரி சுமார் 30 நாள் தாங்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும் சைஸ்தான்.

கே-2743-ல் அவசரகால ரேடியோ இருந்தது. நீரடி ஒலிக்கருவி பொருத்தப்படவில்லை. வாரா வாரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தாண்டிப் போகிற விமானத்தில்!

பதிமூணு மாசம் முன்னாடி, இதே கடற்கரை

இந்தக் கருவி இருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் நம்ம கையிலேயே இருக்கு.

2015 ஜூன் 8. கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் ஒன்று சென்னையில் இருந்து மாலையில் கிளம்பியது. தமிழ்நாட்டுக் கடற்கரையையும் பாக் விரிகுடாவையும் கண்காணிக்கும் வழக்கமான வேலை. என்னை மாதிரி புதுக்கோட்டைக்காரங்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமானது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் கடற்கரை எல்லாம் பாக் விரிகுடாவைப் பார்த்துத்தான் இருக்கு. எல்லை தாண்டின பிரச்சினை எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கிற கடல் என்பதால் தலைக்கு மேலே கண்காணிப்பு விமானம் போவது யாருக்கும் அதிசயம் இல்லை.

அன்றைக்கு இரவு 9.23 மணிக்கு அந்த டோர்னியரைத் திருச்சி ரேடார் கடைசியாகப் பார்த்தது. உள்ளே மூன்று பேர். அதுவும் "மர்மமான முறையில் மாயம்" என்றுதான் செய்தியானது. ஆனா ஜூலை தொடக்கத்தில், கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் கடலூருக்கு அப்பால் அந்த "டிக்" சத்தத்தைக் கேட்டது. ரிலையன்ஸ் நிறுவனத்தின் ஒலிம்பிக் கேன்யன் கப்பல் ரோபோவை இறக்கி, ஏறக்குறைய 950 மீட்டர் ஆழத்தில் இருந்து ஜூலை 10 அன்று கருப்புப் பெட்டியை எடுத்தது. 32 நாள்!

அதே வங்கக் கடல், அதே கடற்படை. ஒரு விமானம் 32 நாளில் கிடைத்தது, இன்னொன்றுக்கு ஏழரை வருஷம் ஆனது.

நியாயமாகப் பேசணும்னா, இதோட நிறுத்தக் கூடாது. அந்தக் கருவி இருந்தாலே கிடைச்சிருக்கும் என்றும் அடிச்சுச் சொல்ல முடியாது. அதன் சத்தம் ரெண்டு, மூணு கிலோமீட்டர் வரைக்கும்தான் நம்பகமாகக் கேட்கும். 2009 ஜூன் 1 அன்று ரியோவில் இருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்தது, 228 பேர் இறந்தார்கள். அதில் ஒலிக்கருவிகள் இருந்தும் தேடியவர்களுக்குக் கேட்கவே இல்லை. ஆனா அந்த விமானம் கடைசி நிமிஷங்களில் 24 தானியங்கிச் செய்திகளைத் தரைக்கு அனுப்பியிருந்தது. அதாவது, அதன் லாக் கொஞ்சமாவது இன்னொரு மெஷினுக்குப் போயிருந்தது. அதை வைத்து இடத்தைச் சுருக்கி, 2011 ஏப்ரலில் சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகுதான் ஒலிக்கருவியின் பேட்டரி 30 நாளில் இருந்து 90 நாளாக உயர வேண்டும் என்று உலக விதிகள் மாறின.

ஏஎன்-32-ல் தானியங்கிச் செய்தியும் இல்லை, ஒலிக்கருவியும் இல்லை. இருந்தது ஒரே ஒரு ரேடார் புள்ளி.

3,400 மீட்டர் என்றால் எவ்வளவு?

எங்க ஊர்ப் பக்கக் கடலை வைத்து வங்கக் கடலைக் கற்பனை பண்ணவே முடியாது. பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. ஒரு நாலு மாடி வீடு முழுகும், அவ்வளவுதான். ஏஎன்-32 விழுந்த இடத்தில் ஆழம் 3,400 மீட்டர். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன் மேல் ஒன்றாக ஐம்பது தடவைக்கு மேல் அடுக்கினால்தான் தண்ணீருக்கு மேலே தலை தெரியும். சூரிய வெளிச்சம் எட்டாத இடம், வளிமண்டலத்தைப் போல 340 மடங்கு அழுத்தம்.

கடற்படைக் கப்பல்கள், கடலோரக் காவல்படைக் கப்பல்கள், விமானங்கள், ஒரு நீர்மூழ்கி எல்லாம் தேடின. சாகர் நிதி, சமுத்ர ரத்னாகர் என்ற ஆராய்ச்சிக் கப்பல்களும் வந்தன. ஒன்றும் கிடைக்கவில்லை. "இத்தனை கப்பல் போயும் எப்படிங்க கிடைக்கல?" என்று அப்போது ட்விட்டரில் ஒரே கேள்வி. அதுக்குப் பதில் ஒரு எளிய கணக்கில் இருக்கு.

கப்பலின் அடியில் இருந்து சோனார் ஒலியைக் கீழே அனுப்பி, எதிரொலியை வைத்துத் தரையைப் படம் பிடிக்கிறது. ஒரு ஒலிக்கற்றையின் அகலம் ஒரு டிகிரி என்று வெச்சுக்கோங்க. 3,400 மீட்டர் கீழே போகும்போது அது சுமார் 60 மீட்டராக விரிஞ்சிடும். அதாவது படத்தில் ஒரு பிக்சல் என்பது 60 மீட்டர். ஏஎன்-32-ன் இறக்கை அகலம் 29 மீட்டர்தான். முழு விமானம் உடையாமல் கிடந்தாலும் ஒரு பிக்சலுக்குள்ளேயே அடங்கிவிடும். உடைந்து சிதறியிருந்தால் சுத்தம். கப்பல் நேர் மேலேயே நின்றிருந்தாலும் தெரிந்திருக்காது!

பார்க்கணும்னா கேமராவைக் கீழே கொண்டு போகணும்.

"காணவில்லை" என்ற நிலைமை

2016 செப்டம்பரில் தேடல் நிறுத்தப்பட்டது. விமானத்தில் இருந்தவர்கள் உயிர் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று விசாரணை நீதிமன்றம் முடிவு செய்துவிட்டதாகக் குடும்பங்களுக்கு விமானப்படை கடிதம் அனுப்பியது. ரெண்டு மாசத்துக்குள் இது நடந்தது.

இந்தக் கடிதம் வெறும் சம்பிரதாயம்னு நினைக்காதீங்க. பொதுவாக நம்ம நாட்டுச் சட்டப்படி, ஒருவரைப் பற்றி ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் அவர் இறந்துவிட்டதாக அனுமானிக்க முடியும். அதுவரைக்கும் அவர் இறந்தவரும் இல்லை, இருப்பவரும் இல்லை. இறப்புச் சான்றிதழ் கிடையாது. பென்ஷன், இன்ஷூரன்ஸ், வங்கிக் கணக்கு, நிலப் பட்டா எல்லாம் அப்படியே நிற்கும்.

கடலோர ஊர்களுக்கு இந்த ஏழு வருஷம் நல்லாவே தெரியும். 2017 ஒக்கி புயலில் காணாமல் போன கன்னியாகுமரி மீனவர்களின் குடும்பங்கள் போராடிய பிறகு, அந்த ஏழு வருஷக் காத்திருப்பை அவர்களுக்காகத் தளர்த்த வேண்டி வந்தது. விசைப்படகில் போனவருக்கும் விமானத்தில் போனவருக்கும் கடல் ஒன்றுதான். சீருடைக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனம் இருப்பதால் காகித வேலை சீக்கிரம் முடிகிறது.

ஆனா காகிதம் முடிந்தாலும் வீட்டில் முடிவதில்லை. உடல் இல்லை, உடைந்த துண்டு ஒன்றுகூட இல்லை. எந்தத் தேதியில் திதி கொடுப்பது என்பதில் தொடங்கி, தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்பது வரைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அது ஒரு கேள்வி.

இது முதல் தடவையும் இல்லை. 1986 மார்ச் 25 அன்று சோவியத் யூனியனில் இருந்து புதிதாக வந்துகொண்டிருந்த ஏஎன்-32 ஒன்று, மஸ்கட்டில் கிளம்பி ஜாம்நகருக்கு வரும் வழியில் அரபிக்கடல் மேல் காணாமல் போனது. ஏழு பேர். இன்றுவரை ஒரு தடயமும் இல்லை. ஆக, இதே ரக விமானம் கடலுக்கு மேலே சுவடில்லாமல் போக முடியும் என்பது 2016-ல் முப்பது வருஷப் பழைய பாடம்.

கனிமம் தேடப் போன ரோபோ

பிறகு 2024 ஜனவரி 12. பாதுகாப்பு அமைச்சகம் ஒரு சின்ன அறிக்கை வெளியிட்டது. என்ஐஓடி என்கிற தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி, 3,400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதைவுகளைப் படம் பிடித்திருக்கிறது. ஆராய்ந்ததில் அவை ஏஎன்-32-வுடன் ஒத்துப் போகின்றன என்று அதில் இருந்தது.

என்ஐஓடி எங்கே இருக்கு தெரியுமா? பள்ளிக்கரணையில். கே-2743 கிளம்பிய தாம்பரம் ஓடுதளத்தில் இருந்து பைக்கில் போயிடலாம்.

அந்த ரோபோவின் பெயர் ஓஎம்இ-6000. நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனத் தயாரிப்பு, 6,000 மீட்டர் வரை போகும். ஆளில்லாமல், கயிறில்லாமல், கடல் தரைக்குப் பக்கத்தில் நீந்திக்கொண்டே சோனாரிலும் கேமராவிலும் படம் எடுக்கும். கப்பலில் இருந்து 60 மீட்டரா இருந்த பிக்சல், தரைக்குப் பக்கத்தில் போனதும் சில சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். இதுதான் மொத்த வித்தியாசமும்.

ஆனா இதை வாங்கினது விமானம் தேடுவதற்காக இல்லை. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் கனிம முடிச்சுகளை ஆராயும் உரிமை இந்தியாவுக்கு இருக்கு. உருளைக்கிழங்கு சைஸில் கிடக்கும் அந்தக் கட்டிகளில் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், தாமிரம் எல்லாம் இருக்கும். பேட்டரிக்கும் மின்சார வண்டிக்கும் வேண்டிய உலோகங்கள். அதற்காகத்தான் இந்த ரோபோ வந்தது. நம்ம ஆழ்கடலைப் பார்க்கும் கண்ணை நாம வாங்கியதே உலோகத்துக்காக. அந்தக் கண்ணில்தான் 29 பேரின் விமானமும் பட்டது.

கிடைத்தது, ஆனா புரிந்ததா?

அந்த அறிக்கையைக் கவனமாகப் படிச்சா ரெண்டு விஷயம் கண்ணில் படும்.

ஒன்று, அது "ஏஎன்-32 கிடைத்துவிட்டது" என்று அடித்துச் சொல்லவில்லை. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை, அதனால் இது கே-2743-ஆக இருக்கக்கூடும் என்கிறது. அந்த "இருக்கக்கூடும்" முக்கியமான சொல்.

ரெண்டு, இடத்தைச் சொல்லும்போது சென்னைக் கடற்கரையில் இருந்து 140 கடல் மைல், ஏறக்குறைய 310 கிலோமீட்டர் என்று சொல்கிறது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்க, 140 கடல் மைல் என்பது 259 கிலோமீட்டர்தான் வருது. ஏழரை வருஷம் காத்திருந்த குடும்பங்கள் படிக்கப் போகிற ஒரு அறிக்கையில், "உங்க ஆள் எங்கே இருக்கிறார்" என்ற ஒரே கேள்விக்கான பதிலில், ஐம்பது கிலோமீட்டர் வித்தியாசம்! யாராவது ஒருத்தர் கால்குலேட்டரில் ஒரு தடவை தட்டிப் பார்த்திருக்கலாம்.

ஏன் விழுந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஏர் பிரான்ஸ் 447 விஷயத்தில் கருப்புப் பெட்டியை மேலே எடுத்ததால்தான், வேகத்தை அளக்கும் குழாயில் பனி உறைந்தது, விமானிகள் தடுமாறினார்கள் என்று நிமிஷம் நிமிஷமாகத் தெரிந்தது. அதை வைத்து உலகம் முழுக்க விமானிகளுக்குப் பயிற்சி மாறியது. படம் மட்டும் கிடைத்தால் "எங்கே" என்பதற்கு விடை கிடைக்கும். 23,000 அடியில் பறந்த விமானம் ஏன் இடது பக்கம் திரும்பிச் சரிந்தது என்பதற்குக் கருப்புப் பெட்டி வேணும்.

அது ஏன் முக்கியம்? ஏன்னா ஏஎன்-32 கதை 2016-ல் முடியவில்லை. 2019 ஜூன் 3 அன்று அசாமின் ஜோர்ஹாட்டில் இருந்து அருணாச்சலத்தின் மெச்சுக்காவுக்குப் போன இன்னொரு ஏஎன்-32 காணாமல் போனது. தரையில், நம்ம நாட்டுக்குள்ளேயே. மலைக்காட்டில் அதைக் கண்டுபிடிக்க எட்டு நாள் ஆனது. 13 பேரும் இறந்திருந்தார்கள்.

மர்மம்னு சொன்னதும் நமக்கு ஒரு கிக் வருது. யூடியூப் தம்ப்நெயிலில் சிவப்பு வட்டம் போட அது வசதி. ஆனா இந்த விமானத்தின் மர்மத்தைப் பிரித்தால் உள்ளே இருப்பது என்ன? பொருத்தாமல் விட்ட ஒரு ஒலிக்கருவி, தரைக்கு அனுப்பாத தகவல், அப்போது நம்மிடம் இல்லாத ஒரு ரோபோ. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு, வாங்கும் கோப்பு உண்டு, அதில் கையெழுத்துப் போடவோ போடாமல் இருக்கவோ ஒரு மேசை உண்டு. கடல் எதையும் ஒளிச்சு வைக்கவில்லை. கே-2743 விழுந்த நாளில் இருந்து அங்கேயேதான் கிடந்தது.

அதனால், அடுத்த தடவை "மாயமான விமானம்" என்று ஒரு செய்தி வந்தால், கமென்ட்டில் தியரி எழுதறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: அதில் ஒலிக்கருவி இருந்ததா? அந்தக் கேள்வியைப் போதுமான பேர் கேட்டால், அது ஒரு நாள் நாடாளுமன்றம் வரைக்கும் போகும்.

இந்த எபிசோடு அவ்வளவுதான். எம்எச்370-ஐ மறக்கவில்லை, அடுத்தது அதுதான். அதுவரைக்கும் பத்திரமா இருங்க.